நின்றுபோன பழைய கணனியை மீண்டும் இயக்குதல்

பழைய கணனி ஒன்றை வீட்டிலோ சங்கக் கட்டிடத்திலோ வைத்திருப்பவர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவானது. கடிதம் பாதி எழுதிய நிலையில் திரை அப்படியே நின்றுவிடும். மவுஸை எங்கே இழுத்தாலும் அம்புக்குறி அசையாது. எந்த விசையை அழுத்தினாலும் எழுத்து விழாது. பக்கத்தில் நிற்கும் இளைஞர் ஒருவர் உடனே குனிந்து சுவரில் இருக்கும் பிளக்கைப் பிடுங்குவார். சிறிது நேரத்தில் மீண்டும் செருகுவார். கணனி எழும்பிவிட்டால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பாதி எழுதிய கடிதம் என்னவாயிற்று என்று எழுதியவர் மாத்திரம் தேடிக்கொண்டிருப்பார்.

பிளக்கைப் பிடுங்குவதும் கணனியை மீண்டும் இயக்கும் வழிகளில் ஒன்றுதான். ஆனால் அது கடைசி வழி. அதற்கு முன்னர் நாலைந்து வழிகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் எதைக் காப்பாற்றும், எதை இழக்கச்செய்யும் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம். விண்டோஸ் 95, விண்டோஸ் 98, அவற்றுக்கு முந்திய டொஸ் ஆகியவற்றில் ஓடும் கணனிகளையே நாம் இங்கு முக்கியமாக எடுத்துக்கொள்கிறோம்.

இவை இன்று விலைபோகாத பொருட்கள். விண்டோஸ் 98ஐத் திருத்திப் பராமரிக்கும் வேலையை மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2006ஆம் ஆண்டு ஜூலை மாதத்துடன் நிறுத்திவிட்டது. ஆனாலும் அலுவலகம் ஒன்று கழித்துக் கொடுத்ததாக, வெளிநாட்டு உறவினர் விட்டுச் சென்றதாக, இன்னும் மூலையில் இருந்து வேலைசெய்யும் கணனிகள் உண்டு. பெட்டியின் பெறுமதி சொற்பம். அதற்குள் இருப்பவை வேறு: விதைநெல் கடன் கணக்கு, அங்கத்தவர் இடாப்பு, காணி சம்பந்தமாக எழுதிய கடிதங்களின் பிரதிகள், இழந்த உடைமைகளைத் திகதிவாரியாகக் குறித்த பட்டியல். இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றுக்கு ஒரு கடதாசி எவ்வளவு பெறுமதியானது என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் எடுத்துச்சொல்லத் தேவையில்லை.

களத்து நெல்லும் கொம்பறை நெல்லும்

கணனிக்குள் இரண்டு இடங்களில் விடயங்கள் இருக்கின்றன. ஒன்று நினைவகம், மற்றது வன்தட்டு. நீங்கள் தட்டச்சுச் செய்யும் கடிதம் முதலில் நினைவகத்தில்தான் இருக்கிறது. நினைவகம் மின்சாரத்தால் உயிர்வாழ்வது. ஒரு வினாடிக்குள் பலதடவை அதற்குப் புதுப்பித்தல் நடக்கவேண்டும். மின்சாரம் நின்றால் சிறிது நேரத்தில் எல்லாம் அழிந்துவிடும். வன்தட்டு அப்படியல்ல. அது காந்தப் பதிவு. மின்சாரம் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, எழுதியது எழுதியபடியே இருக்கும். "சேமி" என்று நீங்கள் கட்டளை கொடுக்கும்போது நினைவகத்தில் இருப்பதன் பிரதி ஒன்று வன்தட்டில் எழுதப்படுகிறது.

சூடடித்த நெல் களத்தில் குவிந்து கிடக்கிறது, இன்னும் ஒரு பகுதி கொம்பறைக்குள் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று மழை வந்தால் எந்த நெல் நனையும்? நினைவகத்தில் இருப்பது களத்து நெல், வன்தட்டில் இருப்பது கொம்பறை நெல். கணனியை மீண்டும் இயக்கும் எந்த முறையிலும் களத்து நெல் போய்விடும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் மூன்றாவது நிலை ஒன்றும் உண்டு. சாக்கைத் தோளில் சுமந்துகொண்டு கொம்பறைக்குப் பாதி வழியில் நிற்கும்போது மழை கொட்டினால்? வன்தட்டில் எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரத்தை நிறுத்துவது அப்படிப்பட்டது. அதில் புதிய கடிதம் மாத்திரமல்ல, முன்னர் எழுதிவைத்த கோப்பும் பழுதாகக்கூடும். பிளக்கைப் பிடுங்குவதை நாம் கடைசியில் வைப்பதற்குக் காரணம் இதுவே.

குளிர்ந்த தொடக்கமும் சூடான தொடக்கமும்

மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்தைக் காலையில் இயக்கும்போது முதலில் பெற்றோலில் இயக்கி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். வாய்க்காலை மாற்றிக் கட்டுவதற்காகச் சற்று நிறுத்திவிட்டு மீண்டும் இயக்கும்போது பெற்றோல் தேவைப்படுவதில்லை. இயந்திரம் இன்னும் சூடாகவே இருக்கிறது. 1990களில் பெற்றோல் கிடைக்காத நாட்களில் சில துளி பெற்றோலை விட்டு மோட்டார் சைக்கிளை இயக்கி மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கணனியிலும் இதே இரண்டு வகை உண்டு. மின்சாரம் முற்றாக நின்று மறுபடி வந்து எழும்புவது குளிர்ந்த தொடக்கம். மின்சாரம் நிற்காமல், கணனி தன் வேலையை மாத்திரம் தொடக்கத்திலிருந்து ஆரம்பிப்பது சூடான தொடக்கம். குளிர்ந்த தொடக்கத்தில் கணனி தன் நினைவகம் முழுவதையும் எண்ணிச் சோதிக்கும். திரையின் மேல்மூலையில் எண்கள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். சூடான தொடக்கத்தில் அந்தச் சோதனை தவிர்க்கப்படும். ஆகவே விரைவில் எழும்பும்.

நின்றது கணனிதானா?

முதலில் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் பொறுங்கள். பழைய கணனிக்கு நினைவகம் குறைவு. பெரிய கோப்பைத் திறந்தால், அல்லது இரண்டு மூன்று வேலைகளை ஒன்றாகக் கொடுத்தால், அது நினைவகத்தில் இடம் போதாமல் வன்தட்டில் எழுதியும் எடுத்தும் சமாளிக்கும். பெட்டியின் முகப்பில் உள்ள சிறிய விளக்கைப் பாருங்கள். அது மின்னிக்கொண்டிருந்தால் வன்தட்டு வேலைசெய்கிறது. அந்நேரத்தில் எதையும் அழுத்தவேண்டாம்.

அடுத்து, விசைப்பலகையின் வலப்புறத்தில் எண்களுக்கு மேலே இருக்கும் நம்லொக் விசையை ஒருதடவை அழுத்துங்கள். விசைப்பலகையில் அதற்குரிய சிறுவிளக்கு அணைந்து, மீண்டும் அழுத்தும்போது எரிந்தால் கணனிக்கு இன்னும் காது கேட்கிறது. நின்றுபோனது ஒரு மென்பொருள் மாத்திரமே. அவ்விளக்கு மாறாமல் நின்றால் விசைப்பலகை மூலம் கொடுக்கும் எந்தக் கட்டளையும் உள்ளே போகாது. பெரும்பாலும் ஒரு வினாடிக்குள் நோயை இனங்காட்டிவிடும் சோதனை இது. செலவு எதுவும் இல்லை.

விவசாய சங்கம் ஒன்றின் காரியதரிசி எமக்குச் சொன்னது இது. காலை முழுவதும் கடன் பட்டியலைத் தட்டச்சுச் செய்து, அச்சிடும்படி கட்டளை கொடுத்திருக்கிறார். கணனி நின்றுவிட்டது. அருகில் நின்றவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டார். பட்டியல் சேமிக்கப்படவில்லை. உண்மையில் கணனி நிற்கவே இல்லை. அச்சுப்பொறியில் கடதாசி முடிந்திருந்தது. கடதாசி வைக்கும்வரை மென்பொருள் காத்துநின்றிருக்கிறது. டொஸ் காலத்து மென்பொருட்களில் இது அடிக்கடி நடக்கும். அச்சுப்பொறி, பிளொப்பி, வயர்த் தொடுப்பு இம்மூன்றையும் பார்த்துவிட்டே மேலே செல்லுங்கள்.

ஒரு மென்பொருளை மாத்திரம் நிறுத்துதல்

டொஸில் ஓடும் மென்பொருளை நிறுத்த கொன்றோல் விசையைப் பிடித்துக்கொண்டு 'சி' எழுத்தை அழுத்தலாம், அல்லது கொன்றோலுடன் பிறேக் விசையை அழுத்தலாம். பல மென்பொருட்கள் இதற்குக் கட்டுப்படும். சில கட்டுப்படா. கட்டுப்பட்டால் மற்ற எதற்கும் சேதமில்லை.

விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் கொன்றோல், அல்ற் ஆகிய இரண்டையும் பிடித்துக்கொண்டு டிலீற் விசையை ஒரேயொருதடவை அழுத்துங்கள். சிறிது தாமதித்து ஒரு பெட்டி தோன்றும். அப்போது ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருட்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கும். நின்றுபோன மென்பொருளின் பெயருக்கு அருகில் அது பதிலளிக்கவில்லை என்ற குறிப்பு இருக்கும். அதைத் தெரிவுசெய்து, வேலையை முடிக்கும் பொத்தானை அழுத்தினால் அந்த மென்பொருள் மாத்திரம் மூடப்படும். மற்றக் கோப்புகளைச் சேமிக்க உங்களுக்கு அவகாசம் கிடைக்கும்.

இங்கே அவசரக்காரருக்கு ஒரு பொறி இருக்கிறது. பெட்டி தோன்றத் தாமதிக்கிறதே என்று அதே மூன்று விசைகளையும் இன்னொருதடவை அழுத்தினால் விண்டோஸ் 95, 98 இரண்டிலும் கணனி முழுவதும் மீண்டும் தொடங்கிவிடும். சேமிக்காதவை எல்லாம் போய்விடும். பெட்டியிலேயே அந்த எச்சரிக்கை எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் இருப்பதை யார் வாசிக்கிறார்கள்? 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இந்த ஆபத்து இல்லை. அங்கே எத்தனை தடவை அழுத்தினாலும் கணனி தானாக மீளத் தொடங்காது.

மென்பொருள் மூடப்பட்டாலும் விண்டோஸ் 98 முன்போல் உறுதியாக இராது. திறந்திருக்கும் மற்றவற்றைச் சேமித்துவிட்டு, கணனியை முறைப்படி மீளத் தொடக்குவதே புத்தி.

முறைப்படி மீளத் தொடக்குதல்

திரையின் இடது கீழ்மூலையில் உள்ள ஸ்ராட் பொத்தானை அழுத்தி, ஷட்டவுன் என்பதைத் தெரிவுசெய்து, றீஸ்ராட் என்பதற்கு அருகிலுள்ள வட்டத்தில் அடையாளமிட்டு ஓகே கொடுப்பது எல்லாவற்றிலும் நல்ல வழி. விண்டோஸ் தானே ஒவ்வொரு மென்பொருளிடமும் சேமிக்கவேண்டியது ஏதும் உண்டா என்று கேட்டு, வன்தட்டுக்குப் போகவேண்டியதைப் போய்ச்சேரவைத்து, அதன் பின்னரே தன்னை மூடிக்கொள்கிறது. மவுஸ் வேலைசெய்யாவிட்டால் கொன்றோலைப் பிடித்துக்கொண்டு எஸ்கேப் விசையை அழுத்தினாலும் ஸ்ராட் பட்டியல் திறக்கும். பின்னர் அம்பு விசைகளால் போகலாம்.

பலருக்குத் தெரியாத ஒரு குறுக்குவழியும் இங்கு உண்டு. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் றீஸ்ராட் என்பதைத் தெரிவுசெய்த பின், ஷிவ்ற் விசையைப் பிடித்துக்கொண்டு ஓகே கொடுத்தால் விண்டோஸ் மாத்திரம் மீளத் தொடங்கும். நினைவகச் சோதனை முதலியன எதுவும் நடக்காது. மெதுவான கணனியில் கணிசமான நேரம் மிச்சம்.

மூன்று விசைகளின் கதை

கொன்றோல், அல்ற், டிலீற் என்னும் மூன்று விசைகளும் எங்கிருந்து வந்தன என்று பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்கு ஒரு சிறு வரலாறு உண்டு. ஐபிஎம் நிறுவனம் 1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் தனது தனியாள் கணனியை வெளியிட்டது. அதை உருவாக்கிய பொறியியலாளர்களில் ஒருவர் டேவிட் பிராட்லி. சோதனை செய்யும்போது கணனி அடிக்கடி நின்றது. ஒவ்வொருதடவையும் மின்சாரத்தை நிறுத்தித் தொடங்கினால் நினைவகச் சோதனை முடியும்வரை காத்திருக்கவேண்டும். அதைத் தவிர்ப்பதற்காகவே இம்மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தும் வழியை அவர் அமைத்தார். முதலில் இது உருவாக்குபவர்களின் பாவனைக்கே என்று எண்ணப்பட்டது.

விசைகளைத் தெரிவுசெய்ததில் ஒரு விவேகம் இருக்கிறது. அந்த முதல் விசைப்பலகையில் கொன்றோலும் அல்ற்றும் இடப்புறத்தில் மாத்திரமே இருந்தன. டிலீற் வலப்புறத்தின் கீழ்க்கோடியில் இருந்தது. தற்செயலாக ஒரு கை பட்டுக் கணனி மீளத் தொடங்கிவிட முடியாது. இரண்டு கைகளும் வேண்டும். அதே காலத்தில் அமெரிக்காவில் விற்பனையான அப்பிள் 2 கணனியின் ஆரம்ப மாதிரிகளில் மீளத் தொடக்கும் விசை தனியே, றிற்றேண் விசைக்குப் பக்கத்திலேயே இருந்தது. விரல் தவறியவர்கள் பலர். பின்னர் கொன்றோலையும் சேர்த்து அழுத்தினால்தான் வேலைசெய்யும் என்று அதை மாற்றினார்கள்.

ஐபிஎம் கணனியில் இம்மூன்று விசைகளும் அழுத்தப்படும்போது பயோஸ் என்னும் அடிப்படை நிரல் நினைவகத்தின் குறிப்பிட்ட ஓரிடத்தில் 1234 என்ற அடையாள எண்ணை எழுதிவிட்டுத் தொடக்கத்துக்குத் திரும்புகிறது. தொடங்கும்போது அந்த இடத்தைப் பார்க்கிறது. 1234 இருந்தால், "இது சூடான தொடக்கம், நினைவகத்தைச் சோதிக்கத் தேவையில்லை" என்று கடந்துபோகிறது. மின்சாரம் நின்று வந்திருந்தால் அந்த எண் அங்கே இராது.

டொஸில் வேலைசெய்பவர்களுக்கு இன்னொரு செய்தி. ஸ்மாட்டிறைவ் என்ற நிரல் வன்தட்டுக்குப் போகவேண்டியதைச் சற்று நேரம் நினைவகத்தில் தேக்கி வைத்துப் பின்னர் எழுதும். வேகம் கூடும், ஆனால் ஆபத்தும் கூடும். 1993இல் வந்த டொஸ் 6.0இல், வேலை முடிந்ததுபோல் திரையில் காட்டிய பின்னரும் தேங்கியது எழுதப்படாமல் இருக்கலாம். மூன்று விசைகளையும் அழுத்தினால் ஸ்மாட்டிறைவ் தேங்கியதை எழுதிவிட்டே விடைகொடுக்கும். பெட்டியின் ஆளியை நிறுத்தினால் அதற்கு அவகாசமில்லை. அதே ஆண்டில் வந்த 6.2 பதிப்பில், எழுதி முடித்த பின்னரே அடுத்த கட்டளைக்கு இடம்கொடுக்கும்படி இதைத் திருத்தினார்கள். ஆளியை நிறுத்துவதற்கு முன் ஸ்மாட்டிறைவ் என்று தட்டச்சுச் செய்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் 'சி' எழுத்தும் கொடுத்தால் தேங்கியவை எல்லாம் வன்தட்டில் எழுதப்படும்.

றீசெற் பொத்தான்

நம்லொக் விளக்கு மாறாவிட்டால் மூன்று விசைகளாலும் பயனில்லை. அப்போது பெட்டியின் முகப்பில் உள்ள சிறிய பொத்தானைத் தேடுங்கள். றீசெற் என்று எழுதியிருக்கும். சிலவற்றில் பேனை முனையால் அழுத்தவேண்டிய அளவுக்கு உள்ளே அமிழ்ந்திருக்கும். இது எந்த மென்பொருளிடமும் அனுமதி கேட்பதில்லை. நேரடியாகக் கணனியின் மூளைக்கு மின்சைகை கொடுத்துத் தொடக்கத்துக்குக் கொண்டுபோகிறது. ஐபிஎம்மின் முதல் கணனிகளில் இந்தப் பொத்தான் இருக்கவில்லை. அவற்றைப் பின்பற்றி மற்ற நிறுவனங்கள் செய்த மலிவான கணனிகளில்தான் இது பரவலாக வந்தது.

வன்தட்டின் மோட்டார் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதால், ஆளியை நிறுத்தித் தொடங்குவதைவிட இது பொருட்களுக்கு மென்மையானது. கோப்புகளைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

மின்சாரத்தை நிறுத்துதல்

றீசெற் பொத்தான் இல்லாவிட்டால் அல்லது வேலைசெய்யாவிட்டால் மாத்திரமே ஆளிக்குப் போகவேண்டும். ஆளியில் இரு வகை உண்டு. அழுத்தினால் "கிளிக்" என்று உள்ளே போய் அங்கேயே நிற்பது பழைய வகை. அதை அழுத்தியவுடன் மின்சாரம் உண்மையாகவே துண்டிக்கப்படும். அழுத்திவிட்டால் வெளியே திரும்பி வருவது, 1995க்குப் பின் வந்த வகை. நின்றுபோன கணனியில் இதைச் சும்மா தட்டுவதால் ஒன்றும் நடவாது. நான்கு ஐந்து வினாடிகள் தொடர்ந்து அழுத்திப் பிடிக்கவேண்டும். இது தெரியாமல், "சுவிச்சும் பழுது" என்று பிளக்கைப் பிடுங்குபவர்கள் அநேகர்.

நிறுத்திய பின் அரை நிமிடமாவது பொறுங்கள். தட்டு சுற்றி நிற்கவேண்டும். மின்வழங்கிக்குள் தேங்கிய மின்னும் இறங்கவேண்டும். ஆளியைப் போட்டுப் போட்டு எடுப்பது பழைய மின்வழங்கிக்கு யமன். மின்தடை ஏற்பட்டாலும் அப்படியே: உடனே சுவர் ஆளியை நிறுத்திவிட்டு, மின்சாரம் வந்து சில நிமிடங்கள் சீராக நின்ற பின்னரே போடுங்கள். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் நின்றபோது, மின்சாரம் திரும்பி வரும் முதல் கணங்களைப் பற்றிக் கவலைப்படாத கணனிச் சொந்தக்காரர் இருந்திருக்கமாட்டார்.

விண்டோஸ் 98 முறைகேடாக நிறுத்தப்பட்டிருந்தால், அடுத்தமுறை எழும்பும்போது ஸ்கான்டிஸ்க் என்ற நீலத்திரை தோன்றி வன்தட்டைச் சோதிக்கும். நேரம் எடுக்கும். பொறுமையிழந்து அதை நிறுத்தவேண்டாம். சாக்கிலிருந்து வழியில் சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளும் வேலை அது. வேர்ட் 97இல் எழுதியவர்களுக்கு ஓர் ஆறுதலும் உண்டு. அது வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருதடவை மீட்புப் பிரதி ஒன்றை எழுதிவைக்கும். மீண்டும் வேர்டைத் திறந்ததும் அப்பிரதி தானாகத் தோன்றினால் உடனே அதற்கொரு பெயர் கொடுத்துச் சேமியுங்கள். சேமிக்காமல் மூடினால் அதுவும் போய்விடும்.

வேறு வீட்டுக் கணனிகள்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1980களில் வீடுகளுக்கென்றே விற்ற சிறு கணனிகள் இவ்விடயத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். இங்கிலாந்தில் 1982இல் வந்த ஸ்பெக்றம் கணனிக்கு றீசெற் பொத்தான் மாத்திரமல்ல, ஆளியே இல்லை. மின்வயரைக் கழற்றிச் செருகவேண்டும். நிரல்களை ஒலிப்பதிவு நாடாவிலிருந்து ஏற்ற ஐந்து நிமிடம் போகும், கழற்றினால் திரும்ப முதலிலிருந்து. அதே ஆண்டில் அமெரிக்காவில் வந்த கொமடோர் 64இல், நிரலை அழிக்காமல் திரையை மாத்திரம் சீராக்க இரண்டு விசைகளும், முழுவதையும் தொடக்கத்துக்குக் கொண்டுபோக 64738 என்ற இலக்கத்துடன் ஒரு கட்டளையும் இருந்தன.

பிரித்தானியப் பாடசாலைகளில் பாவித்த பிபிசி கணனியின் ஏற்பாடு எமக்கு மிகவும் பிடித்தது. 1981இல் வந்த அதில் பிறேக் என்று ஒரு விசை. பிள்ளை தவறுதலாக அதை அழுத்தினால் எழுதிய நிரல் மறைந்துவிடும். ஆனால் மின்சாரம் நிற்கவில்லையே, நிரல் நினைவகத்தில் இன்னும் கிடக்கிறது. "பழையது" என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தட்டச்சுச் செய்தால் போதும், நிரல் திரும்ப வந்துவிடும். அதற்கிடையில் புதிதாக ஒரு வரியாவது எழுதிவிட்டால் வராது.

சூடான தொடக்கம் போதாத வேளை

விரைவானது என்பதற்காகச் சூடான தொடக்கமே எப்போதும் சரியென்று எண்ணக்கூடாது. பிளொப்பி மூலம் வைரஸ் பரவிய காலத்தில் இது பெரிய விடயமாக இருந்தது. பாகிஸ்தானின் லாகூரில் 1986இல் தோன்றிய பிறெயின் என்ற வைரஸ் பிளொப்பியின் தொடக்கப் பகுதியில் ஒளிந்திருந்து பரவியது. இந்தியாவில் 1990இல் இனங்காணப்பட்ட ஜோஷி வைரஸ் இன்னும் கெட்டிக்காரன். மூன்று விசைகளையும் அழுத்தினால் கணனி மீளத் தொடங்கியதுபோல் தோன்றும், வைரஸ் நினைவகத்தில் அப்படியே இருக்கும். ஆளியை நிறுத்திச் சற்றுப் பொறுத்து, எழுதமுடியாதபடி பூட்டிய சுத்தமான பிளொப்பி மூலம் தொடக்கினால்தான் அதனிடமிருந்து தப்பலாம். பழைய பிளொப்பிகள் பெட்டியாக உங்களிடம் இருந்தால் இதை மறக்கவேண்டாம். அந்த வைரஸ்கள் பிளொப்பிக்குள் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

எழும்ப மறுத்தால்

கணனி எழும்பும்போது கறுப்புத் திரையில், இது தொடக்கத் தட்டு அல்ல, மாற்றிவிட்டு ஏதாவது விசையை அழுத்துங்கள் என்ற ஆங்கில வசனம் வந்தால் பயப்படவேண்டாம். பெரும்பாலும் பிளொப்பி ஒன்றை உள்ளே மறந்து விட்டிருப்பீர்கள். வெளியே எடுங்கள். விசைப்பலகை இல்லை, தொடர்வதற்கு எஃப்1 விசையை அழுத்துங்கள் என்று சில கணனிகள் சொல்லும். இல்லாத விசைப்பலகையில் எப்படி அழுத்துவது என்று அதனிடம் கேட்க முடியாது. பின்னாலுள்ள தொடுப்பை இறுக்கிச் செருகுங்கள்.

விண்டோஸ் பாதியில் நின்றால், மீளத் தொடக்கி, விண்டோஸ் தொடங்குமுன் எஃப்8 விசையை அழுத்துங்கள். விண்டோஸ் 98இல் கொன்றோலைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் சரி. ஒரு பட்டியல் வரும். அதில் சேவ் மோட் என்பதைத் தெரிவுசெய்தால் மிக அவசியமானவற்றை மாத்திரம் வைத்து விண்டோஸ் எழும்பும். திரை அழகாக இராது, ஆனால் கோப்புகளை எடுக்கலாம். டொஸ் 6இல் தொடக்கத்தில் எஃப்5ஐ அழுத்தினால் தொடக்கக் கோப்புகளைத் தவிர்த்து எழும்பும். ஒவ்வொருதடவையும் திகதி 1980ஆம் ஆண்டுக்குப் போனால் உள்ளேயிருக்கும் சிறு பற்றறி முடிந்துவிட்டது. நாணயம்போல் தட்டையானதாக இருந்தால் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும். நீளமாகச் சுற்றப்பட்ட பழைய வகை கசிந்து பலகையை அரிக்கும், அதைத் தெரிந்தவரைக்கொண்டு கழற்றிவிடுங்கள். திரைப்பெட்டியையும் மின்வழங்கியையும் எக்காரணம் கொண்டும் திறக்கவேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அவற்றுக்குள் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் தேங்கியிருக்கும்.

எந்த வழியிலும் எழும்பாவிட்டால் பெட்டியைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கவேண்டாம். பெட்டி செத்தாலும் வன்தட்டு பெரும்பாலும் செத்திராது. நான்கு திருகாணிகளைக் கழற்றி அதை வெளியே எடுத்து, யூஎஸ்பி தொடுப்பு ஒன்றின் மூலம் இன்றைய கணனியுடன் இணைத்து உள்ளிருப்பதைப் பிரதிசெய்யலாம். கணனி திருத்தும் கடைகளில் இத்தொடுப்பு இருக்கும், "ஐடிஈ தட்டுக்கு" என்று சொல்லிக் கேளுங்கள். திறந்ததும் தமிழ்க் கடிதங்கள் ஆங்கில எழுத்துக்களின் குழப்பமாகத் தெரிந்தால் அவை அழிந்துவிட்டதாக எண்ணி நீக்கிவிடாதீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதப்பட்டவை அவை. அதே எழுத்துருவைப் புதிய கணனியில் நிறுவியதும் வாசிக்க வரும்.